மூணு டிரெயின் போல்ட், எத்தனை பாட்டில் ஆயில்?

பைக்கின் அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் ஒன்றே ஒன்று இருந்தால் ஆயில் விஷயத்தில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையேட்டில் போட்டிருப்பதை வாங்கி ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே குட்டையில் நனையும் வண்டி அது. இன்று சாலையில் ஓடும் கியர் பைக்குகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். மூன்று போல்ட் உள்ள வண்டிக்காரர்களுக்குத்தான் குழப்பம். பெரிய ஹார்லி-டேவிட்சன்கள், வார்ப்பிரும்பு இன்ஜின் காலத்து புல்லட், நார்ட்டன் கமாண்டோ மாதிரியான பழைய பிரிட்டிஷ் வண்டிகள் எல்லாம் இந்தக் கூட்டம். இன்ஜினுக்கு ஓர் அறை, பிரைமரி செயினும் (இன்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் செயின்) கிளட்சும் இருக்கும் பெட்டிக்கு ஓர் அறை, கியர் பாக்ஸுக்கு ஓர் அறை. நடுவில் சுவரும் சீலும். (2009-ல் கிளாசிக் 500 வந்த காலத்துப் புதிய யூனிட் இன்ஜின், புல்லட் குடும்பத்தில் இந்தச் சுவர்களை இடித்துவிட்டது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரே போல்ட் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.)

இப்படி ஒரு வண்டிக்கு ஆயில் வாங்கப் போனால் மூன்று வழி தெரியும். ஒரே ஆயிலை மூன்று அறையிலும் ஊற்றலாம். மூன்றுக்கும் தனித்தனியாக வாங்கலாம். அல்லது இன்ஜினுக்கும் பிரைமரிக்கும் ஒன்று, கியருக்கு மட்டும் வேறு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் கடைசி வழியில் நிற்கிறேன். காரணம் புரிய வேண்டுமானால் ஒவ்வொரு அறைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். எந்த பிராண்ட் நல்லது என்ற சண்டையை அதுவரை ஒதுக்கி வைப்போம்.

இன்ஜின்: சூடும் அழுக்கும்

மூன்றில் அதிகம் அடி வாங்குவது இங்கே இருக்கும் ஆயில். பிஸ்டனைத் தாண்டி வரும் கரி, எரியாத பெட்ரோல், குளிர்ந்த இன்ஜினில் படியும் ஈரம் எல்லாம் வந்து சேரும் இடம் இது. காற்றால் குளிரும் இன்ஜின் நெரிசலில் நின்றுவிட்டால் காற்றும் கைவிட்டுவிடும், சூட்டைச் சுமக்கும் வேலை ஆயிலின் தலையிலும் விழும். அதனால்தான் இந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 என்பது கேள்வியே கேட்காமல் ஊற்றும் ஆயிலாகிவிட்டது.

அந்த எண்ணில் பின்னால் வரும் 50, ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. இன்ஜின் ஆயிலுக்கான எஸ்ஏஇ ஜே300 அளவுகோலின்படி 16.3 முதல் 21.9 செண்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3. முன்னால் வரும் 20டபிள்யூ குளிர்ப் பக்கம். மைனஸ் 15 டிகிரியில் ஸ்டார்ட் செய்தாலும் கிராங்க்கைச் சுற்ற விடும் அளவுக்கு அது இளகியிருக்க வேண்டும். உறைபனி எட்டிப் பார்க்காத இடத்தில் ஓட்டுபவருக்கு 20டபிள்யூவா 15டபிள்யூவா என்ற பட்டிமன்றத்தால் ஒரு பயனும் இல்லை. பின்னால் வரும் எண்ணைப் பார்த்தால் போதும்.

ஹார்லியின் கையேடுகளில் இதற்கு ஒரு சின்ன அட்டவணையே உண்டு: 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் 20டபிள்யூ-50, அதற்குக் கீழே 10டபிள்யூ-40, 16 டிகிரிக்கு மேல் வேண்டுமானால் ஒற்றை கிரேடு 50, 27 டிகிரிக்கு மேல் 60. கடும் வெயிலில் ஓட்டுபவர்கள் சிலர் இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு 60-க்கு ஓடுவார்கள். நான் போகமாட்டேன். காலையில் முதல் கிக்கில் அந்தக் கெட்டி ஆயில், வால்வைத் தள்ளும் டேப்பெட் வரை ஏறுவதற்குள் மேலே இரும்பு இரும்போடு பேசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டால் போதும்.

சிந்தெடிக்கா (செயற்கையாகத் தயாரித்தது) மினரலா (கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்தது) என்றால், சூடு அதிகம் பார்க்கும் வண்டிக்கு சிந்தெடிக். சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகாது, குளிரிலும் ஓடும். புதிதாகப் போரிங் செய்து பிஸ்டன் மாற்றிய இன்ஜினுக்கு ரிங் படியும் வரை மினரல். முப்பது நாற்பது வயதான இன்ஜினில் சிந்தெடிக் ஊற்றியதும் ஒழுக ஆரம்பித்தது என்று புலம்புபவர்கள் உண்டு. பாதி நேரம் அது காய்ந்து சுருங்கிய சீலின் குற்றம்தான். பழைய மினரல் விட்டுப்போன கசடு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டையைப் புது ஆயில் கழுவித் திறந்துவிட்டிருக்கும். சீல் மாற்ற மனமில்லை என்றால் மினரலிலேயே இருந்து, அடிக்கடி மாற்றுவது மேல்.

இங்கே ஒரு வசதி உண்டு. மூன்று அறை வண்டியில் இன்ஜின் ஆயில் கிளட்சைத் தொடுவதே இல்லை. அப்படியானால் பைக் ஆயில்தான் வேண்டும் என்று என்ன கட்டாயம், கார் ஆயில் ஊற்றினால் என்ன? கேள்வி நியாயமானது. பதில் பாஸ்பரஸில் இருக்கிறது. கேமும் டேப்பெட்டும் உரசும் இடத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மானம். கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்எம் வகையிலிருந்து மெல்லிய கார் கிரேடுகளில் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். பைக்குகளுக்கான ஜாசோ தரத்தில் அதே 0.08 கீழ் வரம்பு, மேல் வரம்பு 0.12. காருக்குக் கூரையாக இருப்பது பைக்குக்குத் தரை. ஜாசோ முத்திரை பார்த்து வாங்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

நடு வழியில் ஆயில் குறைந்து, பைக் ஆயில் கிடைக்கவில்லையா? டீசல் வண்டிகளுக்கான 15டபிள்யூ-40 ஊற்றிக்கொள்ளுங்கள். இது டீக்கடைப் பேச்சு இல்லை. அவசரத்துக்கு சிஎச்-4, சிஐ-4 மாதிரியான டீசல் ஆயில் ஊற்றலாம் என்று ஹார்லி கையேடுகளே இடம் கொடுக்கின்றன. வீடு வந்ததும் வடித்துவிட்டால் சரி.

பிரைமரி: தப்பு நடக்கும் இடம்

மூன்றில் நான் அதிகம் யோசிப்பது இந்த அறையைப் பற்றித்தான். இங்கே இருப்பவர்களின் தேவை ஒருவருக்கொருவர் ஒத்துவராது. செயினுக்கு வழுவழுப்பு வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்கு ஆயிலில் நனைந்துகொண்டே பிடிமானமும் வேண்டும். பல வண்டிகளில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் இதே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், அதன் காயில் சூட்டையும் இந்த ஆயில்தான் இறக்க வேண்டும். இத்தனைக்கும் உள்ளே பிடிப்பது கொஞ்சம்தான். பெரிய ஹார்லியில் ஒரு லிட்டர், கொஞ்சம் கூடக்குறைய. பழைய புல்லட்டில் அரை லிட்டர்கூட வராது.

கார் ஆயில் தயாரிப்பவர்கள் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைப் போடுவார்கள். காருக்கு நல்லது, நனையும் கிளட்சுக்கு விஷம். இந்தத் தகராறைத் தீர்க்கத்தான் ஜப்பானியர்கள் 1998-ல் ஜாசோ டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் கிளட்ச் பிடிக்கும். எம்பி என்றால் உராய்வு குறைவு, ஸ்கூட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் எம்ஏ-வையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிமானம் இன்னும் கூடுதல். இன்ஜின் ஆயிலையே பிரைமரியிலும் ஊற்றப் போகிறீர்கள் என்றால் டப்பாவின் பின்பக்கம் தேட வேண்டிய எழுத்து இந்த எம்ஏ2. ஏபிஐ-யின் வட்ட முத்திரையின் கீழ்ப் பாதியில் எரிபொருள் சிக்கனம் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

தனி ஆயில் என்று போனால் இரண்டு வகை. ஒன்று, வண்டிக் கம்பெனியே பிரைமரிக்கென்று விற்பது. ஹார்லியின் ஃபார்முலா பிளஸ் அப்படிப்பட்டது, பிரைமரிக்கும் கியருக்கும் சேர்த்தே விற்கிறார்கள். இன்னொன்று, ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் பாக்ஸில் ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப். பழைய வண்டிக்காரர்களுக்கு இதன் மேல் ஒரு தனிக் காதல் உண்டு, காரணமும் உண்டு. ஏடிஎஃப் தண்ணி மாதிரி இளகியது. 100 டிகிரியில் ஏறக்குறைய 7 செண்டிஸ்டோக்தான், அதாவது எஸ்ஏஇ 20 கணக்கு. பிளேட்டுகள் டக்கென்று பிரியும், நியூட்ரல் விரலால் தட்டினால் விழும். ஆனால் எந்த ஏடிஎஃப் என்று பார்க்க வேண்டும். டைப் எஃப் என்பதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கிடையாது, கிளட்சுக்கு அது ஒத்துப்போகும். டெக்ஸ்ரான் வகையில் அந்தச் சேர்மானம் உண்டு. இரண்டும் சிவப்பு, இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கும். நிறத்தைப் பார்த்து வாங்கிவந்து, டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி போகவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏடிஎஃபுக்கு ஒரு விலை உண்டு. செயின் சத்தம் கொஞ்சம் கூடும். சின்ன இன்ஜினுக்கு, இழுப்பு குறைந்த வண்டிக்குப் பிரச்சினை இல்லை. ஹார்லி மாதிரி இரண்டு சிலிண்டர் உள்ள பெரிய வி-ட்வின்னில், செயின் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும் இடத்தில், இன்னும் கொஞ்சம் கெட்டியான ஆயில் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

எதிர்த் திசையில் செய்யும் தவறு இதைவிட மோசம். கெட்டியாக ஊற்றினால் செயினுக்கு நல்லதுதானே என்று கியர் ஆயிலைப் பிரைமரியில் கவிழ்ப்பார்கள். கிளட்சை முழுக்கப் பிடித்தாலும் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் நியூட்ரல் விழாது, முதல் கியர் போட்டால் ‘டொக்’ என்று இடி. கிளட்ச் கேபிளை இறுக்கி, பிளேட் மாற்றி, கடைசியில்தான் ஆயிலைச் சந்தேகிப்பார்கள். அளவு கூடினாலும் இதே கதைதான். முழுகிக் கிடக்கும் கிளட்ச் எந்த ஆயிலிலும் ஒழுங்காகப் பிரியாது. பிரைமரியில் லெவலைவிட ஒரு கரண்டி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கூடுதலாக வேண்டாம்.

பிரைமரி ஆயிலை மாற்றும்போது அவசரப்படாமல் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் குங்குமம் மாதிரி வழுக்கிப் பரவும். அது வழக்கமான தேய்மானம். நகத்தில் குத்துகிற மாதிரி சிலும்பு வந்தால் செயினையோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையோ திறந்து பார்க்க வேண்டிய நேரம். ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் வழுக்கியிருக்கிறது. நெற்றிப் பொட்டு அளவு சொட்டு, டாக்டர் ரிப்போர்ட் மாதிரி எல்லாம் சொல்லிவிடும்.

ஹார்லியின் எவல்யூஷன் இன்ஜின் ஸ்போர்ட்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு அறை இரண்டுதான். பிரைமரியும் கியரும் ஒரே ஆயிலில் நனைகின்றன. அங்கே கிளட்ச் சொல்வதுதான் சட்டம், அடுத்த பகுதியில் கியர் ஆயிலைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்ல வார்த்தைகள் எதையும் நம்பி அதில் ஊற்றிவிடாதீர்கள்.

கியர் பாக்ஸ்: பல்லுக்குப் பல்

இங்கே கரி இல்லை, பெட்ரோல் இல்லை, கிளட்ச் இல்லை. இரண்டு பற்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்திச் சறுக்கும் அழுத்தம் மட்டும்தான். அந்த அழுத்தம் சாதாரண ஆயிலை இரண்டு பல்லுக்கும் நடுவிலிருந்து பிதுக்கித் தள்ளிவிடும். கியர் ஆயிலில் இருக்கும் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம், ஆயில் விலகிய பிறகும் இரும்பின் மேல் ஒரு மெல்லிய தோலாக நிற்கிறது. மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கிற அந்த நாற்றம் இதனுடையதுதான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். கியர் ஆயில் டப்பாவில் 90 என்று பார்த்ததும் இன்ஜின் ஆயிலின் 50-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். கியர் ஆயிலை அளப்பது ஜே306 என்ற வேறு அளவுகோல். அதில் 90 என்றால் 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 செண்டிஸ்டோக். மேலே சொன்ன 40, 50 எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. 75டபிள்யூ-90 ஊற்றினால் கியர் இறுகிவிடும் என்பது வெறும் பிரமை.

அப்படியானால் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலே போதாதா? ஓடும். பல லட்சம் வண்டிகளில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் 20டபிள்யூ-50 மாதிரி இரண்டு எண் கொண்ட மல்டிகிரேட் ஆயிலைச் சூட்டிலும் கெட்டியாக வைத்திருப்பது நீள நீளமான பாலிமர் இழைகள். பற்களுக்கு நடுவே சிக்கி அவை அறுபடும், 50 கொஞ்சம் கொஞ்சமாக 40-ஆக இறங்கும். ஒரே குட்டை வண்டிகளில் ஆயில் மாற்றிய புதிதில் வெண்ணெய் மாதிரி விழும் கியர், சில ஆயிரம் கிலோமீட்டரில் கரகரப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தனி அறை கிடைத்தும் அதே ஆயிலை ஊற்றினால், கிடைத்த வசதியை வீணடிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

கியர் ஆயில் டப்பாவில் இருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தரப் பிரிவுதான் கவனிக்க வேண்டியது. ஜிஎல்-5-ல் அந்த அழுத்தச் சேர்மானம் ஏறக்குறைய இரட்டிப்பு. எண் பெரிதாக இருப்பதால் இதுதான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகம் பித்தளை, வெண்கலம் மாதிரியான மஞ்சள் உலோகங்களை அரிக்கும். பழைய நாலு கியர் புல்லட், பழைய பிரிட்டிஷ் கியர் பாக்ஸ் எல்லாம் வெண்கலப் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) சுழல்பவை. அவற்றுக்கு ஜிஎல்-4. அந்தப் பழைய பெட்டிகளில் நெடுங்காலம் கூழ் மாதிரியான கிரீஸ் போடும் பழக்கம் இருந்தது. ஆயில் ஒழுகும் பெட்டிக்கு இன்றும் சிலர் அதையே போடுகிறார்கள். குறை சொல்ல மாட்டேன், ஒழுகி வறண்ட பெட்டியைவிட அது எவ்வளவோ மேல். எல்லாம் இரும்பும் பேரிங்குமாக இருக்கும் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 பிரமாதமாக ஒத்துப்போகும். பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களின் கியர் பாக்ஸில் அதைத்தான் ஊற்றுவார்கள். அதில் கிளட்ச் உலர்ந்தது, ஆயிலே படாது என்பதால் கிளட்சுக்குப் பயப்படும் வேலையும் இல்லை.

ஒன்றா, இரண்டா, மூன்றா

ஒரே ஆயில் வழிக்காரர்களின் வாதம் பலமானது. ஒரே வகை பாட்டில், எந்த மூடியைத் திறந்து ஊற்றினாலும் தப்பில்லை. ஹார்லியே தன் சின்-3 சிந்தெடிக் 20டபிள்யூ-50-ஐ மூன்று அறைக்கும் ஆகும் என்றுதான் விற்கிறது. நெடும்பயணம் போகிறவருக்கும், ஆயில் மாற்றுவதை மற்றவர் கையில் விடுபவருக்கும் நான் இதையே சொல்வேன்.

‘எந்த மூடியிலும் தப்பில்லை’ என்பதன் அருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. நண்பர் ஒருவரின் வண்டியில் இன்ஜின் டிரெயினும் கியர் டிரெயினும் அடியில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவர் கழற்றியது கியருடையது. வெளிர் தேன் நிறத்தில் ஒரு லிட்டர்கூட முழுசாக வரவில்லை. கறுப்பாக மூன்று லிட்டருக்கு மேல் வந்திருக்க வேண்டுமே என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த எனக்கும் உறைக்கவில்லை. ஏற்கெனவே நிறைந்திருந்த இன்ஜினில் புது ஆயிலைக் கவிழ்த்து ஸ்டார்ட் செய்தார். தெருமுனை தாண்டுவதற்குள் ஏர் ஃபில்டர் வழியாக ஆயில் வாந்தி எடுத்தது. கியர் பாக்ஸ் அதுவரை வறண்டு ஓடியிருக்கிறது. நல்லவேளை, பல் எதுவும் போகவில்லை. ஒரே ஆயில் இருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து என் வண்டியின் போல்ட் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயின்ட்டில் ‘இ’, ‘பி’, ‘கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று ஆயில் வழிக்கு ஒரு அழகான லாபம் உண்டு: நிறம். கறுப்புச் சொட்டு இன்ஜின், சிவப்பு பிரைமரி, நாற்றமடிக்கும் பொன்னிறம் கியர். தரையைப் பார்த்தே எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம். சீல் போய் ஓர் அறை ஆயில் அடுத்த அறைக்குள் போனாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நிற்க, மூன்று டப்பாக்களில் பாதி பாதி மிச்சம் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று முழிப்பதும் இந்த வழியில்தான்.

நான் செய்வது இது. இன்ஜினிலும் பிரைமரியிலும் ஜாசோ எம்ஏ2 உள்ள 20டபிள்யூ-50. அதிகம் மாற்ற வேண்டிய இரண்டு அறையும் ஒரே கேனில் முடிந்துவிடுகிறது. கியரில் மட்டும் கியர் ஆயில், புஷ் இருந்தால் ஜிஎல்-4, இல்லையென்றால் 75டபிள்யூ-90 ஜிஎல்-5. 2007-க்குப் பிந்தைய பல பெரிய ஹார்லிகளின் கணக்கில் இன்ஜினுக்கு 8,000 கிலோமீட்டர், பிரைமரிக்கு 16,000, கியருக்கு 32,000 கிலோமீட்டருக்கு ஒரு முறைதான் ஆயில் மாற்ற வேண்டும். நாலு முறை இன்ஜின் ஆயில் மாற்றினால் ஒரு முறை வரும் கியருக்கு நல்ல ஆயிலாக வாங்குவதில் கஞ்சத்தனம் எதற்கு? கியர் விழும் விதத்தில் அந்த வித்தியாசம் முதல் நாளே காலுக்குத் தெரிகிறது. பிரைமரிக்குத் தனி ஆயில் ஊற்றிய காலத்தில் அப்படி ஒரு வித்தியாசத்தை நான் உணரவில்லை.

இதில் நான் இழந்தது நிறத்தின் உதவி. பிரைமரிச் சொட்டும் இன்ஜின் சொட்டும் இப்போது ஒரே ஆயில், கறுப்பில்தான் கொஞ்சம் வித்தியாசம். அதற்கு ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து இரவில் வண்டிக்கு அடியில் விரித்து வைக்கிறேன், இரண்டு சக்கரமும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு. காலையில் சொட்டு இடப்பக்கம் செயின் கவருக்கு நேராக விழுந்திருந்தால் பிரைமரி, நடுவில் என்றால் இன்ஜின். போன வாரம் இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்ற வேண்டும்.